கேட்க ஆள் உண்டு: கடலூர்ப் பள்ளி ஒன்றில் நடந்த சீண்டல் பற்றிய நிகழ்வு ஆய்வு

கடலூர் நகரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவனைப் பத்தாம் வகுப்பு மாணவர் மூவர் மாதக்கணக்கில் சீண்டி வந்தார்கள். அதை நிறுத்த வீட்டாரும் ஆசிரியர்களும் உடன்படித்தவர்களும் எடுத்த முயற்சிகளில் எவை பலித்தன, எவை நிலைமையை மேலும் கெடுத்தன என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது. பள்ளிகளுக்கு ஆற்றுப்படுத்துநராகச் சென்று வரும் முறையில், அம்மாணவனோடும் அவன் பெற்றோரோடும் வகுப்பாசிரியரோடும் உடற்கல்வி ஆசிரியரோடும் சீண்டிய மூவரோடும் தனித்தனியே பேசியவற்றை வைத்து இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். சீண்டப்பட்டவனை மாணவன் என்றும், மூவரில் முன்னின்றவனை மூத்தவன் என்றும் குறிப்பிடுகிறேன்.

இத்தகைய நிகழ்வு ஒன்று காதுக்கு வந்ததும் பெரியவர்கள் முதலில் கேட்பது, ‘இவன் ஏன் எதிர்த்து நிற்கவில்லை?’ என்பதுதான். அந்தக் கேள்வி தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது என்பது என் கருத்து. கேட்க வேண்டியது, சுற்றி நின்றவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே.

பின்னணி

கடலூரின் கரையோரத்தில் தாழங்குடா, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி என்று மீனவர் குடியிருப்புகள் பல இருக்கின்றன. ஊர்ப் பள்ளியில் படிப்பை முடித்த பிள்ளைகள் மேல் வகுப்புகளுக்கு நகரத்துக்கு வருகிறார்கள். மாணவனும் அப்படி வந்தவனே. தந்தை, கடலில் சில நாள் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகு ஒன்றில் பங்குக்குப் போகிறவர். தாய், விடியற்காலையில் முதுநகர்த் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் நகரத்துக்கு வந்து தெருத்தெருவாக விற்பவர். மீன் வரத்து குறைந்த நாட்களில் கருவாடும் விற்பார்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆகவே பள்ளி திறக்கிற ஜூன் மாதம், மீனவர் வீட்டில் கையில் காசு மிகவும் வறண்டிருக்கும் மாதமாகும். தடை முடிந்ததும் ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். இந்த நிகழ்வில் அது பொருட்படுத்த வேண்டிய விவரம்: மாணவனுக்குத் தொல்லை தொடங்கிய வாரங்களில் தந்தை பெரும்பாலும் வீட்டில் இல்லை; தாய் விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறிய பிறகு வீடு திரும்புகிறவர்; சொல்லிக்கொள்ள வீட்டில் இருந்தவர் காது கேளாத பாட்டி ஒருவர்தான்.

தொடக்கம் மிகச் சிறியது. ஒரு காலை, சீருடையோடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்த மாணவன், ஆட்டோவிலிருந்து தாய் கூடையை இறக்கும்போது ஒரு பக்கம் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். எதிரே சைக்கிளில் வந்த மூத்தவன் அதைப் பார்த்தான். அன்று மதியமே ‘கருவாடு’ என்ற பட்டப்பெயர் வைக்கப்பட்டது. வாரம் முடிவதற்குள் அவன் வகுப்பிலேயே பலர் அப்படி அழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

குழாயடியில் நடந்தது

பட்டப்பெயர் வைப்பது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான் என்று வகுப்பாசிரியர் என்னிடம் சொன்னார். உண்மை. ஆனால் கேலிக்கும் சீண்டலுக்கும் உள்ள வேறுபாட்டை 1970களிலிருந்தே ஆராய்ந்து வந்த நார்வே நாட்டு உளவியலாளர் டான் ஓல்வெயஸ் மூன்று அடையாளங்களால் வரையறுத்தார்: வேண்டுமென்றே துன்புறுத்துவது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்புக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது. நண்பர்கள் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொள்வதில் மூன்றாவது அடையாளம் இருக்காது. இன்று இவன் ஓட்டினால் நாளை அவன் ஓட்டுவான். இங்கே ஒருவன் மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தான்.

பள்ளியில் குடிநீருக்கு சிமெண்ட் தொட்டியின் மேல் ஆறு குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் இரண்டில்தான் அப்போது தண்ணீர் வந்தது. மதிய உணவு முடிந்ததும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்த இரண்டு குழாய்களுக்கு முட்டி மோதுவார்கள். மாணவன் குனிந்து கையை ஏந்தும்போது, பக்கத்தில் நிற்கும் மூத்தவன் கட்டைவிரலால் குழாய் வாயை அடைப்பான். தண்ணீர் விசிறியடித்து மாணவனின் முகத்திலும் சட்டை முன்புறத்திலும் பாயும். ‘நல்லா குளிடா கருவாடு, நாத்தம் போகட்டும்’ என்பான். கூட இருக்கும் இருவரில் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொள்வான், மற்றவன் சிரிப்பான். ‘விடுங்கண்ணா, பெல் அடிச்சிடும்ணா’ என்று மாணவன் சொல்வான். விரல் எடுக்கப்படாது. மணி அடித்த பிறகு நனைந்த சட்டையோடு வகுப்பில் போய் உட்கார்வான். ஏன் நனைந்தாய் என்று ஆசிரியர் கேட்டால், ‘தண்ணி குடிக்கும்போது பட்டுடுச்சு சார்’ என்பான். பின்வரிசையில் சிரிப்பு எழும். ஆசிரியர் பாடத்தைத் தொடர்வார்.

அந்த ‘அண்ணா’ என்ற விளியைப் பற்றி ஒரு சொல். தன்னைத் துன்புறுத்துகிறவனைக்கூட உறவுமுறையோடும் மரியாதைப் பன்மையோடும் அழைப்பது நம் பள்ளிகளின் வழக்கம். மேல் வகுப்பு மாணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுவே தனிக் குற்றமாகிவிடும். எனவே ‘போடா’ என்று பதிலடி கொடு என்று கற்பிக்கும் புத்தக அறிவுரைகள் இங்கே முதல் படியிலேயே வழுக்கிவிடும். எட்டாம் வகுப்புப் பையன் பத்தாம் வகுப்புப் பையனை ‘டா’ போட்டால், சுற்றி நிற்பவர்களின் அனுதாபம் அந்த நொடியே மூத்தவன் பக்கம் சாய்ந்துவிடும்.

மாணவன் தனக்குத் தெரிந்த வழியில் தப்பித்தான்: தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். காலை வீட்டில் ஒரு சொம்பு, பிறகு மாலை வீட்டில்தான். கடலூர் வெயிலில் இப்படி இரண்டு மாதம் ஓடியது. தலைவலி, நீர்க்கடுப்பு, பிறகு காய்ச்சல். அடிக்கடி விடுப்பு எடுக்கிறான் என்று பள்ளியில் எழுதினார்கள். வயிற்றுவலி என்று பொய் சொல்கிறான் என்று தாய் நினைத்தார். அரசு மருத்துவமனையில் பார்த்த மருத்துவர்தான், பள்ளியில் எத்தனை முறை தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகே விஷயம் வெளியே வந்தது.

கிடைத்த அறிவுரைகள்

செய்தி தெரிந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். தாய் சொன்னது: ‘அவங்க வழிக்கே போகாத, ஒதுங்கிப் போயிடு.’ கரை திரும்பிய தந்தை கேட்டது: ‘ஒருத்தன் கைய வச்சா திருப்பிக் குடுக்காமலா வந்த?’ வகுப்பாசிரியர் சொன்னது: ‘பசங்கன்னா அப்படித்தான்டா இருப்பாங்க, சமாளிச்சுக்கோ.’ தாய்மாமன் எதுவும் சொல்லாமல், மாலை நேரக் கராத்தே வகுப்பில் சேர்த்துவிட்டுப் பணம் கட்டினார்.

இந்த நால்வரில் எவரும் அவன்மேல் அக்கறை இல்லாதவர் அல்லர். ஆயினும் நால்வரின் அறிவுரையிலும் செய்ய வேண்டியவன் ஒருவனே: நனைந்தவன். ஒதுங்க வேண்டியவன் அவன், அடிக்க வேண்டியவன் அவன், சமாளிக்க வேண்டியவன் அவன், கராத்தே கற்க வேண்டியவனும் அவன். ஒதுங்கிப் போ என்பதற்கு, ஒதுங்கிப் போக வேறு குழாய் இருக்க வேண்டும். அது இல்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, கராத்தேயில் சில வாரப் பயிற்சி இருந்த துணிவில், மாணவன் ஒரு நாள் குழாயடியில் கையை ஓங்கினான். மூத்தவனின் உதடு கிழிந்து இரத்தம் வந்தது. அடுத்து நடந்தவை அனைத்தும் எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியவை. இரத்தம் கண்ணுக்குத் தெரிகிற சான்று. இரண்டு மாத ஈரச் சட்டைக்குச் சான்று இல்லை. தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்பட்டவன் மாணவன். கூடையை ஒரு கடையோரம் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்தவர் அவன் தாய். மன்னிப்புக் கடிதம் எழுதியவனும் மாணவன்தான். இன்னொரு முறை நடந்தால் டி.சி. கொடுத்துவிடுவோம் என்ற வழக்கமான மிரட்டலும் அவன் பக்கமே வந்தது.

குழாயடியில் சில நாள் அமைதி இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அடி எந்தப் பயனும் தரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் சீண்டல் நிற்கவில்லை, இடம் மாறியது. வீட்டுக்குப் போகும் வழியில் கெடிலம் ஆற்றுப் பாலத்தின் மேல் மூவரும் அவனை மறித்தார்கள். புத்தகப் பையைப் பிடுங்கிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, கெஞ்சச் சொன்னார்கள். கெஞ்சினான். பையைச் சாலையில் எறிந்துவிட்டுப் போனார்கள். பள்ளி வளாகத்துக்குள் ஆசிரியர் பார்வை என்று ஒன்றாவது இருந்தது. பாலத்தில் அதுவும் இல்லை. ஒருவனுக்கு ஒருவன் என்ற நிலையில் திருப்பி அடிப்பது சில வேளை வேலை செய்யலாம். மூவருக்கு ஒருவன் என்ற கணக்கில் அது அடுத்த சுற்றுக்கு அழைப்பு விடுப்பதாகவே முடிகிறது.

கராத்தே வகுப்பை நான் குறை சொல்லவில்லை. அது அவன் நடையை நிமிர்த்தியது. பின்னால் அது உதவியும் செய்தது. குறை, அதைத் தீர்வு என்று எண்ணிப் பெரியவர்கள் கையைக் கழுவிக்கொண்டதில் இருக்கிறது.

எந்த வினைச்சொல் யாருக்கு

இந்த நிகழ்வில் பேசப்பட்ட வினைகளைச் சற்று நின்று பார்ப்பது வீண் இலக்கண ஆராய்ச்சி அன்று; அவற்றில்தான் பொறுப்பு யார்மேல் சுமத்தப்படுகிறது என்பது தெரிகிறது. ‘சமாளி’ என்ற வினையை நாம் எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம்? மாதக் கடைசியில் பணம் போதவில்லை என்றால் சமாளிக்கிறோம். சொல்லாமல் விருந்தாளி வந்தால் சமாளிக்கிறோம். மின்சாரம் போனால் சமாளிக்கிறோம். இவற்றில் எதிலும் குற்றவாளி என்று ஒருவர் இல்லை. சிறிது நேரம் பொறுத்தால் தாமாகவே கடந்துபோகும் இடர்கள் அவை. ஒருவன் வேண்டுமென்றே தினமும் செய்யும் செயலுக்கு அந்த வினையைச் சொன்னால், செய்தவன் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறான். வகுப்பாசிரியர் இதை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாணவன் காதில் விழுந்தது அதுதான்.

‘விரட்டு’ என்பதற்கு நாம் இயல்பாகச் சேர்க்கும் செயப்படுபொருள் நாய், காக்கை, ஆடு. விரட்டுகிறவன் பெரியவனாக இருக்க வேண்டும், இல்லையேல் கையில் கம்பாவது இருக்க வேண்டும். ‘எதிர்த்து நில்’ என்பது சம வலிமையை எடுத்துக்கொண்டு பேசுகிறது. ‘தற்காத்துக்கொள்’ என்பதைச் சுவரொட்டிகளில் பார்க்கலாம். வீட்டில் எந்தத் தாயும் பிள்ளையிடம் அப்படிச் சொல்வதில்லை.

இன்னொரு வகை வினைகளும் நம்மிடம் இருக்கின்றன. சண்டையை ‘விலக்கி விடு’ என்கிறோம். அநியாயத்தைத் ‘தட்டிக் கேள்’ என்கிறோம். பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் பெரும்பாலும் செய்பவர் மூன்றாம் மனிதர். தெருவில் ஒருவனை இன்னொருவன் அடித்தால், வழியில் போகிறவர் விலக்கி விடுகிறார். பெரியவர் ஒருவர் தட்டிக் கேட்கிறார். ‘கேக்க ஆளில்லன்னு நினைச்சியா?’ என்று கடலூரில் எந்தத் தெருச் சண்டையிலும் ஒலிக்கும் வாக்கியம், அடிபடுகிறவனின் வலிமையைப் பற்றியதே அன்று. அவனுக்குப் பின்னால் ஆள் உண்டா என்பதைப் பற்றியது. மாணவனின் நிலையை மூத்தவன் சரியாகவே கணித்திருந்தான்: புதிதாக வந்தவன், அப்பா கடலில், அம்மா கூடையோடு தெருவில், வகுப்பில் கூட்டாளி இல்லை. அவனிடம் பிறகு பேசியபோது, ஏன் இவனைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டேன். சிறிது நேரம் தரையைப் பார்த்துவிட்டு, ‘யாரும் ஒண்ணும் சொல்லல சார்’ என்றான். நான் அதுவரை கேட்டவற்றில் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

எடுத்த நடவடிக்கைகள்

பாலத்தில் நடந்தது தெரிந்த பிறகு என்னை அழைத்தார்கள். முதலில் பள்ளி விரும்பியது, இரு தரப்பையும் ஒரே அறையில் நிற்க வைத்துக் கைகுலுக்க வைத்துச் சமாதானம் பண்ணுவது. அதை நான் ஏற்கவில்லை. சண்டை என்றால் சமாதானம் பொருந்தும். இங்கே இரு தரப்பு வழக்கு எதுவும் இல்லை. மேலும், மூத்தவன் முன்னால் மாணவன் வாய் திறக்கப் போவதில்லை. ‘ஒண்ணும் இல்ல சார், விளையாட்டுதான்’ என்பான். அது எழுத்தில் பதிவாகி, அடுத்த முறை அவனுக்கே எதிராகக் காட்டப்படும்.

அதற்கு மாறாக, எங்கே, எந்த நேரத்தில் நடக்கிறது என்பதை மட்டும் மாணவனிடம் கேட்டு எழுதினோம். குழாயடி, சைக்கிள் நிறுத்துமிடம், மாலை மணிக்குப் பிறகு வெளிவாயில், பிறகு பாலம். நாளில் மொத்தமாகப் பார்த்தால் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான பொழுது அது. உடற்கல்வி ஆசிரியர், ஓய்வறையில் சாப்பிடுவதை விட்டு, குழாயடிக்கு எதிரே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுத் தம் டிபன் பாக்ஸைத் திறந்தார். எவரையும் அதட்டவில்லை, விசாரிக்கவில்லை. அவர் அங்கே உட்கார்ந்து மோர் சோறு சாப்பிட்டதே குழாயடியின் தன்மையைப் பெருமளவு மாற்றிவிட்டது.

அடுத்தது, உடன்படிப்பவர்கள். மாணவனின் வகுப்பிலிருந்து மூவரைத் தேர்ந்தெடுத்தோம். உடல் வலிமை உள்ளவர்களைத் தேடவில்லை. ஒருவன் வகுப்புத் தலைவன், ஒருவன் வாயாடி, மூன்றாமவன் மாணவன் போகும் வழியிலேயே வீடு உள்ளவன். மூவரும் அதுவரை குழாயடியில் நின்று பார்த்தவர்கள். வாயாடி சிரிக்கவும் செய்தவன். அவர்களுக்கு வீரம் எதுவும் கற்பிக்கவில்லை, இரண்டே இரண்டு வாக்கியங்கள் கற்பித்தோம். ஒன்று மாணவனை நோக்கி: ‘டேய், உன்ன சார் கூப்பிடுறாரு, வா.’ சொல்லிக்கொண்டே தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். இன்னொன்று மூத்தவனை நோக்கி: ‘அண்ணா, அவன் தண்ணி குடிக்கட்டும்ணா, விடுங்க.’ மரியாதை குறையக் கூடாது, குரல் கெஞ்சவும் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் கடினமாக இருந்தது. காலி வகுப்பறையில் பலமுறை சொல்லிப் பார்த்த பிறகே மூவரும் அதை ஒழுங்காகச் சொன்னார்கள்.

வேப்பமரத்தடி நாற்காலி காலியாக இருந்த ஒரு நாளில் அந்த வாக்கியங்களுக்கு வேலை வந்தது. மூத்தவன் மறுபடி குழாயில் விரலை வைத்தான். வாயாடிக்கு வார்த்தை பாதியில் உடைந்தது, ‘அண்ணா, அவன்...’ என்று நின்றுவிட்டான். வகுப்புத் தலைவன் மிச்சத்தைச் சொல்லி முடித்தான். வரிசையில் பின்னால் நின்ற, எங்கள் திட்டத்தில் இல்லாத ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘மணி அடிக்கப் போகுது, வழி விடுப்பா’ என்று எரிச்சலோடு கத்தினான். மூத்தவன் விரலை எடுத்தான், ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், போய்விட்டான். மாணவன் தண்ணீர் குடித்தான். ஒரு பாட்டில் நிரம்பும் நேரம்கூட ஆகவில்லை.

இது தற்செயல் அன்று. கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளி விளையாட்டுத் திடல்களில் காணொளிக் கருவி வைத்துப் பதிவு செய்து ஹாக்கின்ஸ், பெப்லர், கிரேக் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சீண்டல் நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் வேறு பிள்ளைகள் உடனிருந்தார்கள். 19 விழுக்காட்டில்தான் அவர்களுள் ஒருவராவது தலையிட்டார். தலையிட்டவற்றில் 57 விழுக்காடு 10 நொடிக்குள் நின்றுபோயின. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996இல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு, சீண்டலில் சீண்டுபவன், சீண்டப்படுபவன் தவிர, கைகொடுப்பவன், சிரித்து ஊக்குவிப்பவன், ஒதுங்கி நிற்பவன், காப்பவன் என்ற பாத்திரங்களும் இருப்பதைக் காட்டியது. எங்கள் குழாயடியில் அத்தனை பேரும் இருந்தார்கள். சிரித்தவனைக் காப்பவனாக மாற்றுவது, மூத்தவனின் மனத்தை மாற்றுவதைவிட மிகவும் எளிதாக இருந்தது.

மூத்தவனிடம் அவன் தாயை உடன் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் பேசினார். குழாயடி, பாலம், பை என்று நடந்தவை நாள் வாரியாகச் சொல்லப்பட்டன; கருத்து எதுவும் சொல்லப்படவில்லை. பொதுத்தேர்வுக்கு ஹால்டிக்கெட் தரமாட்டோம் என்று மிரட்டலாம் என ஓர் ஆசிரியர் யோசனை கூறினார். நிறைவேற்ற முடியாத மிரட்டலை அந்த வயதுப் பிள்ளைகள் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்கள் என்பதால் அதைத் தவிர்த்தோம். மதிய இடைவேளையில் அவன் நூலகப் பொறுப்பாசிரியரோடு இருக்க வேண்டும் என்பதே விதிக்கப்பட்டது. அவன் வீட்டுக் கதையும் தெரிந்துகொண்டோம். அதை இங்கே விரிப்பது அவனுக்கு நியாயம் செய்வதாகாது. கூட்டாளிகள் இருவரும் தனித்தனியே அழைக்கப்பட்டபோது, மூக்கைப் பொத்தியவன் பேச்சு தொடங்குமுன்பே அழுதுவிட்டான்.

கைப்பேசியில் வந்தது

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வேறொரு வடிவில் முளைத்தது. விளையாட்டு விழாப் புகைப்படத்திலிருந்து மாணவனின் முகத்தை வெட்டி, கீழே ‘கருவாடு’ என்று எழுதி, யாரோ வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். வகுப்புக் குழுவில் அது சுற்றியது. மாணவனுக்குத் தனிக் கைப்பேசி இல்லை. குழுவில் இருந்தது அவன் தாயின் எண். எனவே அதை முதலில் பார்த்தவர் தாய்.

அவரிடம் நான் பேசியபோது அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். ‘கருவாடு கிலோ என்ன விலைன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா சார்? கேட்டுச் சொல்லுங்க’ என்று சிரித்தார். சிரிப்புக்குப் பிறகு, குழுவை விட்டு வெளியேறிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஸ்டிக்கர் வந்த நாளும் அனுப்பிய எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள் என்றோம். அன்று மாலை வகுப்புத் தலைவன் குழுவில், ‘இது வேணாம், எடுத்துடுங்க’ என்று ஒரு வரி போட்டான். அதற்குக் கீழே இன்னும் சிலர் அதையே எழுதினார்கள். ஸ்டிக்கர் அழிக்கப்பட்டது. அனுப்பியவன் அந்த மூவரில் ஒருவன் அல்லன் என்பதும் பின்னர் தெரிந்தது. பட்டப்பெயர் அதை வைத்தவன் கையைவிட்டு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு அது போதிய சான்று.

சட்டமும் சாதியும்

‘பகடிவதை’ எனப்படும் ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் வரக் காரணமான கொடுமை இந்த மாவட்டத்திலேயே நடந்தது. 1996ஆம் ஆண்டு நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து 1997இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. குற்றவாளிக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. பதினைந்து வயதுப் பையனின் குழாயடிச் செயலுக்கு அந்தச் சட்டத்தை எடுப்பது பயனற்றது என்று கருதினோம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகியவற்றைத் தாயிடம் எழுதிக் கொடுத்தோம். அவர் அவற்றை அழைக்கவில்லை.

ஆனால் ஒன்றை மழுப்பக் கூடாது. ‘நாத்தம்’ என்பது கடலூரில் வெறும் மூக்கு சம்பந்தப்பட்ட சொல் அன்று. அது தொழிலைக் குறித்து, தொழில் வழியே சமூகத்தைக் குறிக்கிறது. மீனவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. அதனாலேயே இத்தகைய இழிசொல் ‘பசங்க விளையாட்டு’ என்ற கணக்கில் எளிதாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதும், அதற்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்ததும் ஆசிரியர்கள் எல்லாரும் அறிந்தவை. வெட்டு அளவுக்குப் போன பிறகு அது சாதி என்று எல்லாருக்கும் தெரிகிறது. மூக்கைப் பொத்தும் அளவில் அதை அப்படிப் பெயர் சொல்லி அழைக்க இந்தப் பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தில் பலர் தயங்கினார்கள். தமிழாசிரியை ஒருவர் மட்டும் தயங்கவில்லை. அவர் வகுப்பில் அந்தப் பட்டப்பெயர் அதன்பின் ஒலிக்கவில்லை.

தற்போதைய நிலை

மூத்தவனும் கூட்டாளிகளும் பொதுத்தேர்வு எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மாணவன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கிறான், விடுப்பு குறைந்திருக்கிறது, கராத்தே தொடர்கிறது. பட்டப்பெயர் முழுதும் மறையவில்லை. அவன் நண்பர்களாகிவிட்ட சிலரே அவ்வப்போது அப்படிக் கூப்பிடுகிறார்கள், அவனும் திருப்பி ஒரு பெயர் சொல்கிறான். அதைத் தடுக்க வேண்டுமா என்று வகுப்பாசிரியர் கேட்டார். அவனிடமே கேளுங்கள் என்றேன். கேட்டதற்கு, ‘இவனுங்க பரவாயில்ல சார்’ என்றானாம். பாலம் வழியாகப் போவதை மட்டும் அவன் இன்னும் தவிர்க்கிறான். சுற்றுவழியில் பேருந்தில் போகிறான்.

பள்ளி மேலாண்மைக் குழு மேலும் இரண்டு குழாய்களைப் பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறது. மீதி இரண்டுக்கு விலைப்புள்ளி வாங்கியிருக்கிறார்கள். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. மதிய வேளையில் குழாயடியைப் பார்த்துக்கொள்வது இன்றும் ஓர் உடற்கல்வி ஆசிரியரின் தனிப்பட்ட பழக்கமாகவே நடக்கிறது. பணிப் பட்டியலில் அது இல்லை. அவர் இடமாறுதலுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவருக்குப் பிறகு அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பது என்பதை முறைவைத்து எழுதித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்; அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.